பழைய வின்செஸ்டர் ரைஃபிளை வாங்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்கு நாலு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை). போன வருடம் மறுநடவு செய்தேன். இளங்கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றிகள் கடித்துத் தின்று பாதியை நாசமாக்கிவிட்டன. சிறு குண்டுகளைச் சிதறி அடிக்கும் ஷாட்கன் ஒன்று, பன்னிரண்டு போர் (குழல் அளவு), உரிமத்தோடு என்னிடம் உண்டு. அந்த நேரம் பார்த்து, ஓய்வுபெற்ற தோட்ட மேலாளர் ஒருவர் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்குக் கண் மங்கிவிட்டது. என் வின்செஸ்டர் தெரிந்த கைக்குப் போகட்டும்."

அது மாடல் 94. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1894-இல் வந்த ரகம். விசையைச் சுற்றியிருக்கும் லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அதன் மேல் ஆசை.

எங்கே பார்ப்பது என்பதுதான் முதல் கேள்வி. உரிமம் இல்லாத ஆயுதம் கையில் இருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. அதனால் மேலாளர் ஐயாவையும் அழைத்துக்கொண்டு ஈப்போவில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்குப் போனேன். பார்த்த நேரம் முழுக்க வின்செஸ்டர் கடைக்காரரின் கையிலேயே இருந்தது.

வரிசை எண் 27 லட்சத்துக்குக் கீழே. 1964-இல் வின்செஸ்டர் நிறுவனம் உற்பத்தி முறையை மாற்றிச் செலவைக் குறைப்பதற்கு முந்தையது என்று அர்த்தம். ஆசை இன்னும் ஏறியது. கடைக்காரர் லீவரைத் திறந்து, தோட்டா நிற்கும் அறை காலி என்று காட்டிவிட்டு, பின்பக்கம் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்தார். குழலின் வாய் வழியாகப் பார்த்தேன். குண்டைச் சுழலவைக்கும் முறுக்குக் கோடுகள் பளிச்சென்று சுழன்று போயின. அறைக்குப் பக்கத்தில் மட்டும் ஊசியால் குத்தியதுபோல் கரும்புள்ளிகள். முன்கட்டையைக் கழற்றினார். மரம் மூடியிருந்த இடத்தில் செம்பழுப்புத் துரு. நம் ஊர் ஈரத்தில் வெளியே எவ்வளவு எண்ணெய் துடைத்தாலும் இந்த இடம் தப்பாது. பின்கட்டை இரும்போடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் ஒன்றும் இருந்தது. இதெல்லாம் சரிசெய்யக்கூடியவைதான்.

தோட்டாதான் சிக்கல். இதற்கு வேண்டிய முப்பது-முப்பது ரகத் தோட்டா கடையில் இல்லை. குழலுக்கு அடியில் இருக்கும் தோட்டாக் குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் மொட்டை முனைதான் போட வேண்டும். கூர்முனை முன்னால் இருப்பதன் அடியில் இடித்தால் உள்ளேயே வெடிக்கலாம். கிடைத்ததை வாங்கிப் போடுகிற வேலை இல்லை. ரைஃபிளுக்குத் தனி உரிமம் கேட்டுப் போலீசில் காரணம் சொல்ல வேண்டும். வேட்டைக்கு வனவிலங்கு இலாகா அனுமதி தனி. அலைய நான் தயார்.

அன்று சாயங்காலம் தோட்டத்தில், பன்றி வருகிற பள்ளத்தைப் பார்த்து நின்றேன். அதற்கு நேர் அந்தப் பக்கம் பழைய லயம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள். சமையல் புகை தெரிந்தது, பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது. ஷாட்கன் குண்டு சில நூறு மீட்டரில் விழுந்துவிடும். ரைஃபிள் குண்டு தப்பினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். இருட்டில் பன்றிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் ஐயாவிடம் வேண்டாம் என்றேன், காரணத்தையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த லயத்தில் இப்போது எத்தனை குடும்பம் இருக்கிறது?" என்று கேட்டார். ஆறு என்றேன். "சரி தம்பி, கடையிலேயே இருக்கட்டும்" என்றார்.

இந்த வாரம் கன்றுகளைச் சுற்றிக் கம்பி வலை கட்டத் தொடங்கியிருக்கிறேன்.