நாலாயிரத்து ஐந்நூறு மேட்டூர்

என் மாமனார் பொதுப்பணித்துறையில் உதவி செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர்க்காரர். மேட்டூரின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் மூன்றும் தெரியாமல் அவருக்குக் காலைக் காபி இறங்காது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபோலிஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

"பத்தாயிரம் ஏரின்னு கார் நம்பர் பிளேட்லயே எழுதி வெச்சிருக்காங்க. நமக்கு ஒண்ணுகூடக் காட்டலையே மாப்ள?"

அதற்கப்புறமும் வீட்டில் உட்கார முடியுமா? ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, புளியோதரை, தயிர்சாதம், மாமியாரின் முழங்கால் தைலம் சகிதம் வடக்கே கிளம்பினோம்.

ஏரிக்கரை ஊரான டுலுத்தை நெருங்கும்போது சாலை மலைமேட்டிலிருந்து இறங்கும். அந்த இடத்தில் சுப்பீரியர் ஏரி மொத்தமாகக் கண்ணில் விழும். அக்கரை தெரியாது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஏரின்னு சொன்னீங்க, சமுத்திரத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார். கரையில் இறங்கியதும் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு இல்லை. விரல் விறைத்ததுதான் மிச்சம். நடுக்கோடையிலும் அந்தத் தண்ணீர் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரிதான் இருக்கும்.

அங்கே இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள் வந்து போகும். ஆயிரம் அடி நீளக் கப்பலெல்லாம் உண்டு. கப்பல் வந்தால் கால்வாய்க்கு மேலே இருக்கும் பாலத்தின் நடுப்பாகம் அப்படியே செங்குத்தாக மேலே போய் வழி விடும். கப்பல் சங்கு ஊத, பாலமும் பதிலுக்கு ஊதும். மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். சுற்றி எல்லாரும் கைபேசியைத் தூக்கிப் படம் எடுக்க, மாமனார் மட்டும் கைபேசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த ஏரித் தண்ணி பன்னிரண்டாயிரத்து நூறு கன கிலோமீட்டர்னு போட்டிருக்கு. சுமார் 4,27,000 டிஎம்சி."

"ஓஹோ."

"என்ன ஓஹோ? மேட்டூர் முழுக் கொள்ளளவே 93.47 டிஎம்சி. இது நாலாயிரத்து ஐந்நூறு மேட்டூர், மாப்ள!"

அத்தோடு விட்டாரா? 2018இல் உச்ச நீதிமன்றம் காவிரியில் நமக்கு வருஷத்துக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்பு சொன்னதல்லவா, அதால் வகுத்தார். இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு வரும். ஏரியை ஒரு தரம் முறைத்துப் பார்த்தார். "இவ்ளோ தண்ணியையும் வெச்சுக்கிட்டு இவங்க நெல்லு போடலையே!"

61ஆம் நெடுஞ்சாலையில் ஏரிக்கரையோரமாகவே போனோம். கூஸ்பெரி அருவியில் நுழைவுக் கட்டணம் இல்லை என்பதில் அவருக்குத் திருப்தி. 1905 நவம்பர்ப் புயலில் கப்பல்கள் அடிபட்டதால் 1910இல் கட்டிய ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கம் செங்குத்துப் பாறைமேல் நிற்கிறது. படத்தில் பார்ப்பதைவிட நேரில் பத்து மடங்கு அழகு. அவர் பார்த்தது அஸ்திவாரத்தை.

மறுநாள் கிராண்ட் மரே என்ற ஊரைத் தாண்டி டெவில்ஸ் கெட்டில் என்ற அருவி. காட்டுக்குள் ஒரு மைலுக்கு மேல் நடை, நூற்றைம்பதுக்கு மேல் மரப்படிகள். போகும்போது அதெல்லாம் இறக்கம் என்பதால் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. புரூல் ஆறு அங்கே ஒரு பாறையில் மோதி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி ஒழுங்காக அருவியாக விழுகிறது. மறுபாதி பாறையில் இருக்கும் ஒரு குழிக்குள் இறங்கி, அவ்வளவுதான், காணாமல் போகிறது. மரக்கட்டை, பிங்பாங் பந்து என்று ஜனங்கள் எதையெதையோ போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

மாமனார் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். கண்முன்னால் பாதி ஆறு கணக்கில் வராமல் போவதை எந்தப் பொதுப்பணித்துறைக்காரர் பொறுப்பார்?

"மாமா, கண்டுபிடிச்சுட்டாங்க" என்றேன். மாநில இயற்கை வளத்துறை 2016இல் அளந்து பார்த்தது. அருவிக்கு மேலே நொடிக்கு 123 கன அடி, கொஞ்சம் தள்ளிக் கீழே 121 கன அடி. ஆக, குழிக்குள் போகும் தண்ணீர் பாறைக்கு அடியிலேயே போய் மறுபடி ஆற்றிலேயே சேர்ந்துவிடுகிறது.

மாமனார் முகம் தெளியவில்லை.

"அப்ப ரெண்டு கன அடி எங்க?"

"அளக்கறதுல அவ்வளவு முன்னப்பின்ன இருக்கும்னு சொல்றாங்க மாமா."

"முப்பது வருஷம் வாய்க்கால்ல நின்னவன் நான். என்கிட்டயேவா?" குரலைத் தாழ்த்தினார். "யாரோ மோட்டார் வெச்சு எடுக்கறான், மாப்ள."

திரும்பும்போது அந்தப் படிகள் அத்தனையும் ஏற்றம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கரையோரப் புதருக்குள் குழாய் ஏதாவது தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதிப் படியில் மாமியார் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, அவங்க ஆத்தை அவங்க பார்த்துப்பாங்க. முதல்ல வந்து என் கையைப் பிடிச்சுத் தூக்குங்க."