அரி-சி-மாவு-4: பாரனோயாவைத் தமிழில் நடத்திப் பார்த்த மூன்று இரவுகள்

போன சனிக்கிழமை இரவு எங்கள் பாரனோயா ஆட்டத்தில் அரி-சி-மாவு-3 செத்துப்போனான். ஆரஞ்சு வண்ணம் பூசிய படிக்கட்டில் கால் வைத்ததுதான் குற்றம். சுட்டது அவனுடைய குழுத்தலைவி. அடுத்த நிமிடமே அரி-சி-மாவு-4 வந்து இறங்கி, "எனக்கு முந்தினவன் செய்த துரோகத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேங்க" என்றான். மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இந்த விளையாட்டைத் தமிழில் நடத்த முடியும் என்ற நம்பிக்கை எனக்கு அந்த நிமிடத்தில்தான் வந்தது.

பாரனோயா 1984-இல் அமெரிக்காவின் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ரோல்ப்ளேயிங் கேம், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் விளையாட்டு. டான் கெல்பர், கிரெக் காஸ்டிக்யான், எரிக் கோல்ட்பர்க் மூவரும் உருவாக்கியது. ஆல்ஃபா காம்ப்ளெக்ஸ் என்ற மூடிய நகரத்தை ஒரு கணினி ஆள்கிறது. அது எல்லோருக்கும் நண்பன். எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது துரோகம். ரகசிய சங்கத்தில் சேர்வது துரோகம், பிறழ்வு சக்தி (பிறவியிலேயே உடல் மாறிப்போனதால் வந்த விநோத சக்தி) இருப்பதும் துரோகம். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் இந்த இரண்டும் உண்டு. துரோகிகளைத் தேடிச் சுடுவதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. ஒருவருக்கு ஆறு உடல்கள். ஒன்று போனால் அடுத்த குளோன், அதாவது அதே ஆளின் நகல், வரும். ஆளின் தகுதியை நிறத்தால் சொல்வார்கள்: ஆட்டக்காரர்கள் சிவப்பு, அதற்கு மேல் ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், கருநீலம், ஊதா, எல்லாவற்றுக்கும் மேலே புறஊதா. தன் தகுதிக்கு மேற்பட்ட நிறத்தில் கால் வைத்தாலே துரோகம். விதிகள் தெரிந்திருப்பதுகூடத் துரோகம்தான்: ஆட்டக்காரர்களின் புத்தகம் சிவப்புத் தகுதிக்கு, ஜிஎம்மின் (ஆட்டத்தை நடத்துபவரின்) புத்தகம் புறஊதாத் தகுதிக்கு.

இந்தக் கடைசி விஷயம் மொழிபெயர்ப்புக்குப் பெரிய உதவி. மற்ற விளையாட்டாக இருந்தால் முழு விதிப் புத்தகத்தையும் தமிழாக்க வேண்டியிருக்கும். இங்கே ஆட்டக்காரர் கையில் இரண்டு தாள் கொடுத்தால் போதும். மீதியை அவர்கள் படித்தால்தான் தப்பு.

முதல் வாரம் முழுக்கச் சொற்களோடுதான் போராடினேன். ஆங்கிலத்தில் இந்த வேலைக்காரர்களை 'டிரபிள்ஷூட்டர்' என்பார்கள். தொல்லை எங்கே என்று கண்டுபிடித்துச் சுடுகிறவர் என்று அதிலேயே சிலேடை இருக்கிறது. 'சரிசெய்வோர்' என்று எழுதிப் பார்த்தேன், செத்த சொல். தோட்டத்துக்கு மருந்து அடிக்கும்போதுதான் தோன்றியது: பூச்சிக்கொல்லி போல, தொல்லைக்கொல்லி. எழுதிவைத்துப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். அதை இனி மாற்ற மாட்டேன்.

பெயர்கள் இதைவிட இனிமையான வேலை. ஆல்ஃபா காம்ப்ளெக்ஸில் ஒருவர் பெயர் நான்கு துண்டு: சொந்தப் பெயர், தகுதி நிறத்தின் முதலெழுத்து, வசிக்கும் பகுதியின் சுருக்கம், குளோன் எண். நாற்பது ஆண்டுகளாக இதில் சிலேடை வைத்தே ரசிகர்கள் விளையாடியிருக்கிறார்கள். தமிழில் நிறங்களின் முதலெழுத்து ஒன்றோடொன்று மோதுமோ என்று பயந்தேன். சி, ஆ, ம, ப, நீ, க, ஊ. ஏழும் வேறுவேறு! சிவப்புக்கு 'சி' வருவது பெரிய கொடை. பா-சி-மணி, ரா-சி-பலன், ஊ-சி-வெடி, அரி-சி-மாவு என்று நான்கு ஆட்டக்காரர்களும் கால்மணி நேரத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். பதவி உயர்ந்தால் நடு எழுத்து மாறும். ரா-சி-பலன் ரா-ஆ-பலன் ஆகிவிடுவாள். ஒலி கெடும் அந்த இடத்தில் ஆளுக்கே என்னவோ ஆகிவிட்டது போல இருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான் என்றாலும், தமிழில் அது காதுக்கு இன்னும் உறைக்கிறது.

முதல் இரவு தோற்றது. காரணம் கணினியின் குரல். அரசு அறிவிப்பு நடையில் பேசவைத்தேன்: "குடிமகனே, தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது." முதல் சொல்லிலேயே கெட்டது. டாஸ்மாக் வாசலில் நிற்பவரைத்தான் இன்று 'குடிமகன்' என்கிறோம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சிரிப்பு வந்தது, வேண்டாத சிரிப்பு. அந்தச் சொல்லை விட்ட பிறகு வேறு சிக்கல். 'தங்கள்', 'பட்டது', 'ஆணையிடப்படுகிறது' என்று போகப்போக மேசை இறுகியது. யாரும் கேள்வி கேட்கவில்லை. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. தாலுகா ஆபீஸில் வரிசையில் நிற்பது போல உட்கார்ந்திருந்தார்கள்.

2004-இல் ஆலன் வார்னி மாங்கூஸ் நிறுவனத்துக்காக எழுதிய பதிப்பு, ஆட்டத்துக்கு மூன்று பாணிகள் சொல்கிறது: கண்டபடி சுட்டுத்தள்ளும் ஸாப், நடுவாந்திரமான கிளாசிக், நிஜமாகவே பயமுறுத்தும் ஸ்ட்ரெயிட். நான் நடத்த நினைத்தது கிளாசிக். என் தமிழ் அதை ஸ்ட்ரெயிட் ஆக்கிவிட்டது.

அந்த இரவில் இன்னொன்றும் நடந்தது. என் அத்தை மகன் ஊ-சி-வெடியை ஆடினான். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று குளோன் போய்விட்டது. நான்காவதை எழுதும்போது முகம் சுண்டியிருந்தது. "என்னை மட்டும் ஏன்டா?" என்றான். அவன் கேட்டது நியாயம். மற்றவர்கள் அவனைச் சுடுவது சுலபம் என்று கண்டுகொண்டார்கள், நானும் விட்டுவிட்டேன். ஆட்டக்காரரைத் துரத்துவதும் கதாபாத்திரத்தைத் துரத்துவதும் ஒன்றல்ல. அந்தக் கோட்டைக் காக்க வேண்டியது ஜிஎம். அடுத்த இரவு தொடங்கும் முன் எல்லோரிடமும் இதைச் சொன்னேன். ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு மரணம் வந்தால், கணினி கவனத்தை வேறு பக்கம் திருப்பும் என்று எனக்கு நானே விதியும் வைத்துக்கொண்டேன்.

2017-இல் வந்த பதிப்பை ஜேம்ஸ் வாலிஸ், கிராண்ட் ஹவிட், பால் டீன் எழுதினார்கள். அதிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டேன், இரண்டாம் இரவுக்கு உயிர் கொடுத்தது அதுதான். கதாபாத்திரம் உருவாக்கும்போது நீங்கள் ஒரு திறமைக்கு கூட்டல் எடுத்தால், உங்கள் இடப்பக்கம் இருப்பவருக்கு அதே திறமையில் கழித்தல் விழும். துப்பாக்கியில் கூட்டல் ஐந்து எடுத்தவரின் பக்கத்தில் கழித்தல் ஐந்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஆட்டம் தொடங்கும் முன்பே பகை மூண்டுவிடும். மாடி வீட்டு அக்கா பள்ளிக்கூட ஆசிரியை, யாரையும் கடிந்து பேசாதவர். அவர் கணிப்பொறித் திறமையைத் தட்டிக்கொண்டபோது அத்தை மகன் "அக்கா, நீங்களா!" என்று எழுந்தே நின்றுவிட்டான்.

அந்தப் பதிப்பின் கணினிப் பகடையும் அருமை. ஒரு முகத்தில் எண்ணுக்குப் பதில் கணினியின் சின்னம். அது விழுந்தால் கணினி உங்களைத் திரும்பிப் பார்க்கிறது. சாதாரணப் பகடையில் ஆறின் மேல் சிவப்புப் பொட்டு ஒட்டிக்கொண்டேன், போதும்.

குரலுக்கு விடை என் பாட்டியிடமிருந்து வந்தது. எங்கள் கொங்குப் பக்கம் பெரியவர்கள் சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க, போங்க' என்பார்கள், கூடவே 'கண்ணு' சேரும். பாட்டி வேண்டாம் என்று சொல்லும்போதுதான் மிக இனிமையாகச் சொல்வார். இரண்டாம் இரவில் கணினி அப்படிப் பேசியது: "சாப்டீங்ளா கண்ணு? அந்தப் பச்சைக் கதவை நீங்க பார்க்கலீங்க தானே? நல்லதுங்க." மேசையில் ஒரு கணம் மூச்சில்லை. பிறகு வெடித்த சிரிப்பு, அதற்குப் பிறகு பயம். அன்பாகப் பேசுகிறவரிடம் பொய் சொல்வது எவ்வளவு கடினம் என்று நால்வரும் கண்டுகொண்டார்கள். அக்கா, "உண்மையைச் சொல்லிடறேங்க, பா-சி-மணிதான் பார்த்தான்" என்று தானாகவே காட்டிக்கொடுத்தார்.

ஒன்றை மட்டும் மாற்றவேண்டி வந்தது. 1984-இன் கணினி எல்லாக் கேட்டுக்கும் கம்யூனிஸ்டுகளைக் காரணம் சொல்லும். பனிப்போர்க்கால அமெரிக்கப் பயத்தின் மேல் வைத்த நையாண்டி அது. கோவையில் கம்யூனிஸ்ட் என்றால் பூச்சாண்டி இல்லை, மில் யூனியன்காரர், தெருமுனைக் கூட்டத்தில் பேசும் மாமா. அவரை வைத்து யாரையும் பயமுறுத்த முடியாது. 2017 பதிப்பு அந்த இடத்தில் பயங்கரவாதிகளை வைத்தது. எனக்கு அதுவும் ஒட்டவில்லை. இப்போதைக்கு எங்கள் கணினி 'அவங்க' என்று மட்டும் சொல்கிறது. யார் என்று கேட்டால், அது உங்கள் தகுதிக்கு மேற்பட்ட தகவல்.

இந்த விளையாட்டின் ரசிகர்கள் மேல் எனக்குள்ள மரியாதை இந்த வேலையில் இன்னும் கூடியது. 1995-இல் வந்த பதிப்பைப் பலர் ஏற்கவேயில்லை. அதை விட்டுவிட்டு 1987-இன் இரண்டாம் பதிப்பையே வைத்து ஆடினார்கள், தாங்களே பணிக்கதைகள் எழுதினார்கள். 2004-இல் புதிய பதிப்பு வந்தபோது, அதை எழுதியவர்களே பிடிக்காத அந்தப் பழையதை 'இல்லாத பொருள்' என்றே அறிவித்தார்கள். ஆல்ஃபா காம்ப்ளெக்ஸ் பாணியிலேயே ஒரு புத்தகத்தை வரலாற்றிலிருந்து நீக்கிவிட்டார்கள்! பதிப்பகம் திவாலான பிறகும் ஒரு விளையாட்டு உயிரோடு இருக்கிறதென்றால், அதை ஆடிக்கொண்டேயிருந்தவர்களால்தான்.

மூன்றாம் இரவு நான்கு மணி நேரம் ஓடியது. பணி ஒன்றே ஒன்று: மஞ்சள் நடைபாதையில் எரியாத விளக்கை மாற்ற வேண்டும். நால்வரும் சிவப்பு. மஞ்சள் நடைபாதையில் நடக்க முடியாது, பல்பு வாங்க ஆரஞ்சுப் படிவம் வேண்டும். கடைசியில் ரா-சி-பலன் நடைபாதைக்குச் சிவப்புச் சாயம் அடித்தாள். விளக்கு எரிந்தது. மஞ்சள் நடைபாதை என்று ஒன்று இப்போது இல்லை. ஒன்பது குளோன் செலவு.

இன்னும் கருவி அட்டைகளில் பாதி மீதமிருக்கிறது. சுகாதார அதிகாரி, மகிழ்ச்சி அதிகாரி என்று பொறுப்புகளுக்கு வில்லை தைக்க வேண்டும்; அக்கா துணி தருகிறேன் என்றிருக்கிறார். வரும் சனிக்கிழமை அரி-சி-மாவுக்குப் பதவி உயர்வு. ஆரஞ்சுப் படிக்கட்டில் அவன் முதல் தடவையாகச் சட்டப்படி கால் வைக்கப்போகிறான், கையில் இன்னும் மூன்று உடல்.