பஸ் பாதை என்றதும் கடைக்காரர்கள் ஏன் கொதிக்கிறார்கள்?

ஒரு ஊரில் பிஆர்டி, அதாவது தனிப் பாதையில் ஓடும் விரைவு பஸ் சேவை, வரப்போகிறது என்று அறிவித்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். வரைபடம் வெளியாகும், அந்தச் சாலையின் வியாபாரிகள் சங்கம் அவசரமாகக் கூடும், கடைக் கண்ணாடிகளில் எதிர்ப்பு நோட்டீஸ் ஏறும், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மைக்கைப் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் கடை வைத்திருப்பவர்களாக இருப்பார்கள். அந்த பஸ்ஸில் தினமும் போகிறவர்கள் அந்நேரம் வேலையில் இருப்பார்கள், இல்லையென்றால் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் பஸ் கட்சிதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெரிசலான சாலையின் நடுவில் பஸ்ஸுக்கென்று தனிப் பாதை, ஏறுவதற்கு முன்பே டிக்கெட், நடைமேடையிலிருந்து படி இல்லாமல் நேராக உள்ளே நுழைவது, இந்த மூன்றும் சேர்ந்தால் சாதாரண பஸ் என்னவெல்லாம் செய்யும் என்பதை கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் ஓடும் டிரான்ஸ்மிலேனியோ பஸ் சேவை 2000-லிருந்து காட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் எதிர்க்கிற கடைக்காரர்களை சுயநலக்காரர்கள், விவரம் தெரியாதவர்கள் என்று எங்கள் கட்சிக்காரர்கள் கேலி செய்யும்போது எரிச்சல்தான் வருகிறது. அவர்கள் சொல்வதில் தப்பும் இருக்கிறது, சரியும் இருக்கிறது. இரண்டு தரப்பும் அந்தத் தப்பான பகுதியைப் பிடித்துக்கொண்டே சண்டை போடுவதால் சரியான பகுதிக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

தப்பான பகுதி பார்க்கிங். 'கடை வாசலில் கார் நிறுத்த முடியாவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார்' என்பதுதான் எல்லா ஊரிலும் முதல் வாதம். பெர்லினில் இரண்டு கடைத்தெருக்களில் இதை அளந்தே பார்த்து 2021-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டால் சராசரியாக 22 சதவீதம் என்றார்கள். வாடிக்கையாளர்களையே நிறுத்திக் கேட்டால் 7 சதவீதம்தான். பிரிட்டனின் பிரிஸ்டலிலும் இதே கதை, அங்கே கடைக்காரர்கள் சொன்னது 41, உண்மையில் 22. பெர்லின் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: கடைக்காரர்கள் தாங்கள் கடைக்கு எப்படி வந்து சேர்கிறார்களோ அதை வைத்தே வாடிக்கையாளரையும் கணித்திருந்தார்கள். காரில் வரும் முதலாளிக்கு ஊரே காரில் வருவதாகத் தோன்றியிருக்கிறது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று சலித்துக்கொண்டே உள்ளே வருகிறவர் மனதில் நிற்பார், சத்தமில்லாமல் நடந்து வந்து வாங்கிக்கொண்டு போகிறவர் நிற்க மாட்டார்.

சரி, இப்போது அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிற இடத்துக்கு வருவோம். அது கட்டுமானக் காலம்.

சான்பிரான்சிஸ்கோவின் வான் நெஸ் அவென்யூவில் பிஆர்டி பாதையின் நீளம் சுமார் 3 கிலோமீட்டர். திட்டத்துக்கு வாக்காளர்கள் 2003-லேயே பணம் ஒதுக்க ஒப்புக்கொண்டார்கள், வேலை தொடங்கியது 2016-ல், திறப்பு 2019 என்றார்கள், முதல் பஸ் ஓடியது 2022 ஏப்ரலில். மூன்று கிலோமீட்டருக்கு ஐந்து வருடத்துக்கும் மேல்! காரணம் பஸ் இல்லை, சாலைக்கு அடியில் கிடந்த பழைய குடிநீர்க் குழாய்களும் சாக்கடைக் குழாய்களும். சாலையைத் தோண்டுகிறோம், அப்படியே அதையும் மாற்றிவிடலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள். காகிதத்தில் அது புத்திசாலித்தனமான முடிவுதான். ஆனால் கீழே எது எங்கே ஓடுகிறது என்று முன்கூட்டியே சரியாகப் பார்க்காமல் இறங்கியதால் தோண்டத் தோண்டப் புதுப்புதுச் சிக்கல்.

இதையே கடைக்குள் நின்று பாருங்கள். வாசலுக்கு முன்னால் கம்பி வேலி, அதில் காற்றுக்குப் படபடக்கும் பச்சைத் துணி, நடைபாதையில் ஆளுயரப் பள்ளத்தின் மேல் போட்ட இரும்புத் தகடு, யாராவது மிதித்தால் 'டணங்' என்கிறது. உள்ளே பொருள் வைத்திருக்கும் அலமாரியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை துடைத்தாலும் விரலில் தூசி ஒட்டும். வேலியில் 'கடை திறந்திருக்கிறது' என்று ஒரு பேனர், அதுவும் சாலைப்பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. சரக்கு வண்டி அடுத்த தெருவில் நிற்கும், அங்கிருந்து தலைச்சுமையாக வர வேண்டும். வாடகையும் சம்பளமும் மட்டும் மாதம் தவறாமல் ஒன்றாம் தேதி வந்து நிற்கும். சின்னக் கடைக்காரரிடம் ஓரிரு மாதம் தாங்குகிற அளவுக்குத்தான் கையிருப்பு இருக்கும், அவரிடம் போய் 'பத்து வருடத்தில் இந்தத் தெரு செழிக்கும்' என்றால் அவர் எதை வைத்து அதுவரை ஓட்டுவார்?

பிஆர்டியின் தாய்வீடான பிரேசிலின் குரிச்சிபா நகரத்திலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அங்கே பஸ் பாதைகள் 1974-ல் வந்தன. அதற்கு முன், 1972-ல், நகரத்தின் முக்கியக் கடைத்தெருவை நடப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்ற மேயர் ஜெய்மே லெர்னர் முடிவு செய்தபோது கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேலையைத் தொடங்கி 72 மணி நேரத்தில் முடித்தார். எதிர்த்தவர்களே அப்புறம் அதை இன்னும் நீட்டச் சொன்னார்கள் என்று லெர்னர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நகரத் திட்டமிடலில் ஆர்வமுள்ளவர்கள் எல்லோரும் இந்தக் கதையைத் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது அந்த 72 மணி நேரம்தான். திங்கட்கிழமை கடை திறக்கும்போது வேலை முடியும் கட்டத்தில் இருந்தால் எதிர்ப்பு எத்தனை நாள் தாங்கும்? பஸ் பாதை முழுவதையும் மூன்று நாளில் போட முடியாது, சரிதான். ஆனால் ஐந்து வருடம் தோண்டிப்போட்டுவிட்டு, குரிச்சிபாவைப் பாருங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லவும் முடியாது.

வாடகை விஷயம் இன்னும் மோசம், இதை யாரும் வாயே திறந்து பேசுவதில்லை. நிலையம் வந்தபின் இடத்தின் மதிப்பு ஏறினால் லாபம் கட்டட உரிமையாளருக்கு. தூசியைச் சாப்பிட்டது வாடகைக்கு இருந்தவர். ஒப்பந்தம் முடிந்ததும் புது வாடகையைக் கேட்டு அவர் காலி செய்வார், அவர் இடத்தில் பெரிய கம்பெனிக் கடை வரும், புள்ளிவிவரத்தில் அந்தத் தெருவின் வியாபாரம் உயர்ந்ததாகத் தெரியும். வியாபாரிகள் சங்கம் என்ற ஒரே பெயருக்குள் உரிமையாளரும் வாடகைக்காரரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதால் இந்த வித்தியாசம் வெளியே வருவதே இல்லை.

கடைக்காரர்களைச் சமாதானப்படுத்த அதிகாரிகள் வழக்கமாகக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று இருக்கிறது. கடைகள் நெருக்கமாக உள்ள அந்த ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் தனிப் பாதையை எடுத்துவிடுவார்கள், பஸ் அங்கே கார்களோடு கலந்து போகட்டும் என்று. நெரிசல் இருப்பதே அந்த ஒரு கிலோமீட்டரில்தான்! மற்ற இடத்தில் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கே கரைந்துவிடும், அப்புறம் பஸ்கள் மூன்று மூன்றாகச் சேர்ந்து வரும், பார்த்தீர்களா பிஆர்டி தோல்வி என்று அடுத்த கூட்டத்தில் பேசுவார்கள். இதற்குப் பதில் பாதையே வராமல் இருப்பது மேல். கலிபோர்னியாவின் பெர்க்லியில் அப்படித்தான் ஆனது. டெலிகிராஃப் அவென்யூ வியாபாரிகளும் குடியிருப்பவர்களும் எதிர்க்க, 2010-ல் நகர சபை தனிப் பாதை வேண்டாம் என்றது. திட்டம் சுருங்கி 2020-ல் திறந்தபோது அந்தத் தடம் பக்கத்து ஓக்லண்டின் மையத்தோடு நின்றுவிட்டது.

சரக்கு இறக்குவதற்கு இடமும் நேரமும், குறுக்கே திரும்ப முடியாத வண்டிகள் எங்கே சுற்றி வரலாம் என்பது, இதெல்லாம் வரைபடத்திலேயே தீர்க்கக்கூடிய விஷயங்கள். நல்ல பொறியாளர் கடைக்காரர்களோடு உட்கார்ந்தால் பாதி கோபம் அங்கேயே இறங்கிவிடும்.

பணம்தான் மிச்சம். லாஸ் ஏஞ்சல்ஸில் ரயில் பாதை வேலையால் பாதிக்கப்படும் சின்னக் கடைகளுக்கு, 25 பேர் வரை வேலை செய்கிறவற்றுக்கு, போக்குவரத்து நிறுவனமே வருடத்துக்கு 50,000 டாலர் வரை தருகிறது. கணக்கைக் காட்ட வேண்டும், வேலைக்கு முந்தைய வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். கடனாக இல்லாமல் மானியமாகவே தருகிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ரயிலுக்குச் செய்ததை பஸ்ஸுக்குச் செய்ய என்ன தடை? கோடிக்கணக்கில் போகிற திட்டத்தில் இது ஓரத்துச் செலவு. அடுத்த முறை எந்த பிஆர்டி அறிக்கை வெளிவந்தாலும் நான் நிலையங்களின் அழகான படங்களைத் தாண்டிப் போய் இரண்டே விஷயத்தைத்தான் தேடுவேன்: ஒவ்வொரு கடையின் முன்னாலும் எத்தனை வாரம் தோண்டுவார்கள், அந்த வாரங்களைத் தாண்டினால் யார் பணம் கொடுப்பார்கள்.