கையுறை போட்ட கை எங்கெல்லாம் போகிறது

சென்னையில் எந்தச் செவிலியர் கல்லூரி நூலகத்திற்குப் போனாலும் ஆய்வேடுகளுக்கென்று ஓர் அலமாரி இருக்கும். தொற்றுக் கட்டுப்பாடு பற்றி மாணவியருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று அளந்து பார்த்த ஆய்வேடு ஒன்றாவது அதில் கிடைக்காமல் போகாது. அவற்றின் அமைப்பும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாத்தாளை வைத்து முன்தேர்வு நடத்துவார்கள். படங்களோடு ஒரு வகுப்பு எடுப்பார்கள். சில நாள் கழித்து அதே வினாத்தாளை மறுபடியும் கொடுப்பார்கள். பாதிக்கும் குறைவாக வாங்கியவருக்குப் போதிய அறிவு இல்லை, முக்கால் பங்குக்கு மேல் வாங்கியவருக்குப் போதிய அறிவு உண்டு, நடுவில் நிற்பவருக்கு ஓரளவு உண்டு என்று வகை பிரிப்பார்கள். வகுப்புக்குப் பின் மதிப்பெண் ஏறியிருக்கும். கடைசி அத்தியாயத்தில், தந்தையின் தொழிலுக்கும் மகளின் தொற்றுக் கட்டுப்பாட்டு அறிவுக்கும் தொடர்பு உண்டா என்று கணக்குப் போட்டு, இல்லை என்று எழுதி முடிப்பார்கள்.

மாணவியரை வார்டுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியை என்ற முறையில் எனக்கு இந்த ஆய்வேடுகளோடு ஒரு நெடுநாள் வழக்கு உண்டு. அவற்றில் சொல்லப்படுவது பொய் என்று நான் சொல்லவில்லை. மாணவியருக்கு உண்மையிலேயே நிறையத் தெரிந்திருக்கிறது. 2021-இல் இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தைத் திருத்தியபோது, நுண்ணுயிரியலோடு தொற்றுக் கட்டுப்பாட்டையும் பாதுகாப்பையும் சேர்த்து மூன்றாம் பருவத்திலேயே ஒரு பாடமாக வைத்தது நல்ல முடிவு. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி, ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 வினாடி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் என்றால் 121 டிகிரி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கை கழுவும் படிகளை வரிசை பிறழாமல் செய்து காட்டுவார்கள். ஆனால் வார்டில் இறங்கியதும் தேவைப்படுவது, கை எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒவ்வொரு நொடியும் உணர்ந்திருக்கும் அறிவு. அதை நாம் கற்பிப்பதும் குறைவு. அளப்பது அதைவிடக் குறைவு.

காலை நேரத்து மெடிக்கல் வார்டை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் பருவ மாணவி ஒருத்தி வெப்பநிலை, நாடி, இரத்த அழுத்தம் பார்க்கப் புறப்படுகிறாள். முதல் கட்டிலுக்கு வரும்போதே கையுறை போட்டிருக்கிறாள். நோயாளியின் கையைத் தூக்கிப் பட்டையைச் சுற்றுகிறாள், அளவை எடுக்கிறாள், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறிக்கிறாள், நழுவிய முகக்கவசத்தை மேலே இழுத்துவிடுகிறாள். அடுத்த கட்டிலில் இருக்கும் முதியவருக்குச் சிறுநீர்ப் பை நிரம்பியிருக்கிறது. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு அதே கையோடு அவருடைய இரத்தக் குழாயில் செருகியிருக்கும் மெல்லிய குழாயான கானுலாவின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரி சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறாள். மூன்றாம் கட்டிலுக்குப் போகும்போதும் அதே கையுறைதான். ஏன் போட்டிருக்கிறாய் என்று கேட்டால், "சேஃப்டிக்குத்தான் மேம்" என்று உடனே பதில் வரும். யாருடைய பாதுகாப்பு என்று கேட்டால்தான் சற்றுத் தயங்குவாள்.

இந்தப் பழக்கம் 2020-க்குப் பிறகு மிகவும் கூடிவிட்டது என்பது என் எண்ணம். கொரோனாக் காலத்தில் கையுறை துணிவைத் தந்தது. அந்தத் துணிவு மட்டும் தங்கிவிட்டது. காயமில்லாத தோலைத் தொட்டு இரத்த அழுத்தம் பார்க்கக் கையுறை தேவையில்லை. தசையிலோ தோலுக்கடியிலோ வழக்கமான ஊசி போடுவதற்குக்கூட, இருவர் தோலிலும் புண் இல்லையென்றால், கையுறை கட்டாயமில்லை என்றே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. இரத்தமோ உடல்திரவமோ படக்கூடிய இடத்தில் அது வேண்டும், கானுலா போடும்போது வேண்டும், புண்ணுக்குக் கட்டுப்போடும்போது வேண்டும். அங்கும் போடுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் இருக்கலாம், கழற்றும்போது வெளிப்புறம் விரலில் படலாம். இதைச் சொன்னால் வகுப்பில் உள்ள பாதிப்பேர் நான் ஏதோ சிக்கனத்துக்காகச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். வெறும் கையில் பிசுபிசுத்தால் கழுவத் தோன்றும்; கையுறை போட்ட கைக்கு அந்த உணர்வே வருவதில்லை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

கை சுகாதாரத்திற்கான ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வைத்தது. நோயாளியைத் தொடும் முன், கிருமியற்ற செயல்முறைக்கு முன், உடல்திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியின் சுற்றுப்புறத்தைத் தொட்ட பின் என்னும் இவ்வைந்தையும் மாணவியர் ஒப்பிப்பார்கள். அவற்றில் ஐந்தாவது நம் அரசு மருத்துவமனை வார்டுகளில் அநேகமாக மறந்தேபோகிறது. அங்கே கட்டிலைச் சுற்றி ஒரு குடித்தனமே நடக்கிறது. லாக்கரின் மேல் டிபன் கேரியரும் பிளாஸ்கும், கட்டிலுக்கடியில் பாயும் தலையணையும், கட்டில் ஓரத்தில் அட்டெண்டராக உட்கார்ந்திருக்கும் மகளும் இருக்கிறார்கள். "ஏம்மா, அந்தப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சிட்டுப் போ" என்று பாட்டி சொன்னால் மாணவி வைத்துவிட்டுப் போகிறாள். நோயாளியைத் தொடவில்லையே, கையை ஏன் துடைக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. கட்டில் கம்பியும் லாக்கர் மூடியும் நோயாளியின் தோலில் உள்ள கிருமிகளைத் தாங்கியிருப்பவை என்று படித்தது அந்த நொடியில் நினைவுக்கு வருவதில்லை.

இதைப் புரியவைக்க நான் செம்மல்வைஸ் என்ற மருத்துவரின் கதையைத்தான் எடுப்பேன். பாடநூலில் அவருக்கு இரண்டு வரிகள்கூட இருப்பதில்லை. வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், மற்றொன்றில் மருத்துவச்சிப் பயிற்சியில் இருந்த பெண்கள் பயின்றார்கள். முதல் பிரிவில்தான் பிரசவக் காய்ச்சலில் மிக அதிகமான தாய்மார் இறந்தார்கள். 1847-இல் செம்மல்வைஸின் நண்பர் ஒருவர் பிரேதப் பரிசோதனையின்போது கத்தி பட்டு, அதே காய்ச்சலைப் போன்ற நோயில் இறந்ததிலிருந்து அவருக்கு விடை கிடைத்தது. மாணவர்கள் பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னதும் இறப்பு சரிந்தது. இதில் நம் மாணவியர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மருத்துவச்சிப் பயிற்சியில் இருந்த பெண்களுக்குக் கிருமியைப் பற்றி மருத்துவ மாணவர்களைவிட எதுவும் அதிகமாகத் தெரிந்திருக்கவில்லை. அவர்களுடைய கை பிணவறைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். அன்று ஒரு வினாத்தாள் கொடுத்திருந்தால் மருத்துவ மாணவர்கள்தாம் அதிக மதிப்பெண் வாங்கியிருப்பார்கள்.

கை என்றதும் மணிக்கட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி வளையலையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னால் முணுமுணுப்போடு கழற்றிவிடுவார்கள். கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு அப்படியில்லை. அம்மா கட்டிவிட்டது, தானாக அறுந்து விழும்வரை கழற்றக் கூடாது என்பார்கள். புற ஊதா விளக்கில் ஒளிரும் பசை ஒன்று உண்டு. அதைக் கையில் தடவி, வழக்கம்போல் கழுவச் சொல்லி, விளக்கின் கீழே நீட்டச் சொன்னேன். எல்லாருக்கும் கட்டைவிரலின் அடிப்பகுதியிலும் நகக்கண்களிலும் மினுமினுப்பு மிச்சமிருந்தது. கயிறு கட்டியிருந்த பெண்ணுக்கு மணிக்கட்டைச் சுற்றி ஒரு முழு வட்டமே ஒளிர்ந்தது. நனைந்த நூல் அரை நாள் ஈரமாகவே கிடக்கும் என்று நான் சொல்லவே தேவைப்படவில்லை. முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். அம்மாவும் ஒத்துக்கொண்டதாக மறுநாள் சொன்னாள்.

ஊசி விஷயத்தில் அறிவுக்கும் செயலுக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் தூரம். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடக் கூடாது என்பதைத் தவறாக எழுதிய மாணவியை நான் பார்த்ததில்லை. ஆனால் ஊசிக்கான வெள்ளைப் பெட்டி நர்ஸ் மேசையருகே இருக்கும், நோயாளி கடைசிக் கட்டிலில் இருப்பார். திறந்த ஊசியோடு அத்தனை பேரைத் தாண்டி நடக்க அஞ்சி, மூடியைப் போட்டுவிடுகிறாள். அங்கேதான் விரலில் குத்துகிறது. போடாதே என்று மட்டும் சொல்லிக்கொடுத்த பாடத்தில், போகும்போதே சிறிய ஊசிப் பெட்டியை ட்ரேயில் எடுத்துக்கொண்டு போ என்ற வரி இல்லை. குத்திவிட்டால் என்ன ஆகும் என்பதும் அரைகுறையாகவே தெரிகிறது. எல்லாரும் எச்.ஐ.வி.க்கு அஞ்சுகிறார்கள், அந்த ஆபத்து ஆயிரம் குத்தல்களுக்கு ஏறத்தாழ மூன்று. தடுப்பூசி போடாதவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வருவதற்கான வாய்ப்போ, நோயாளியின் நிலையைப் பொறுத்து, நூற்றுக்கு முப்பதுவரை போகலாம். ஆனால் தன் மூன்று தவணைத் தடுப்பூசியும் முடிந்ததா, முடிந்த பிறகு இரத்தத்தில் எதிர்ப்பொருள் 10 அலகுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேட்டால் வகுப்பே ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிறது. குத்தியதை மறைப்பது இன்னொரு தொல்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை சில மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும்; 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. சிஸ்டர் திட்டுவார் என்று விடுதி அறையில் உட்கார்ந்து அழும் பெண்ணுக்கு இந்த எண்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

நோயாளியின் ஏட்டில் தொற்று உண்டு என்று ஏதேனும் குறி இருந்தால் மட்டும் கவனமாக இருப்பதும் இதே குறையின் மற்றொரு முகம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் ஊரில் எடுத்த இரத்த மாதிரிகளில்தான். 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் நிர்மலா என்ற முதுநிலை மாணவி மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூரில் சோதிக்கப்பட்டன. நாடே இங்கு அந்நோய் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. எச்.ஐ.வி. உள்ளவரைப் பார்த்தால் தெரியாது என்ற பாடத்திலிருந்துதான் எல்லா நோயாளிகளிடமும் ஒரே எச்சரிக்கை என்ற முறை உலகெங்கும் பிறந்தது. 1996-இல் அது நிலையான முன்னெச்சரிக்கைகள் என்ற வடிவம் பெற்றது. குறி போட்ட நோயாளிக்கு இரட்டைக் கையுறையும் குறி இல்லாதவருக்கு வெறும் கையும் என்பது இந்த முறைக்கே எதிரானது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் நோயாளியின் நிலையை வெளியிடுவதையும் அவரை வேறுபடுத்தி நடத்துவதையும் தடை செய்கிறது என்பதையும் மாணவியர் அறிந்திருப்பது நல்லது.

காசநோய் வார்டுக்குப் போகும்போது கேள்விகள் வேறு மாதிரி. தாம்பரம் சானடோரியத்துக்குப் போஸ்டிங் என்றதும் வீட்டில் கவலைப்படுகிறார்கள். காற்றில் பரவும் நோய்க்கு நமக்கு நுண்துகளை வடிகட்டும் என்95 முகக்கவசம், இருமும் நோயாளிக்குச் சாதாரண அறுவை முகக்கவசம் என்பதை மாணவியர் பலரும் மாற்றிச் சொல்கிறார்கள். கொசு வருகிறது என்று சாயங்காலம் ஜன்னலைச் சாத்திக் காற்றோட்டத்தைத் தடுப்பதுதான் அங்கே பெரிய தவறு என்பது அவர்களுக்குப் புதிதாக இருக்கிறது. மருத்துவக் கழிவைப் பிரித்துப் போடும் நிறங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் நான்கும் நன்றாகவே மனத்தில் பதிந்திருக்கின்றன. பயன்படுத்திய கையுறையை மட்டும் சிவப்பில் போடாமல் மஞ்சளில் போடுகிறார்கள்.

இப்போதெல்லாம் உள்தேர்வுக்கு நான் வேறு மாதிரி வினாக்களை வைக்கிறேன். ஒரு வார்டின் வரைபடத்தைக் கொடுத்து, கைத்தேய்ப்புக் கரைசல் புட்டி எங்கே இருக்கிறது, ஊசிப் பெட்டி எங்கே, குழாய் எங்கே, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு நின்றுவிடும் என்று குறித்திருப்பேன். எட்டுக் கட்டிலுக்கு அளவீடு எடுக்க வேண்டும், மூன்றாமவருக்கு வயிற்றுப்போக்கு, ஆறாமவருக்குக் கட்டு மாற்ற வேண்டும். எந்த வரிசையில் போவாய், எங்கெங்கே கையைச் சுத்தம் செய்வாய், எங்கே கையுறை போட்டு எங்கே கழற்றுவாய் என்று கோடு போட்டுக் காட்டச் சொல்வேன். வயிற்றுப்போக்கு நோயாளியைக் கடைசியாகப் பார்ப்பேன் என்று சிலர் எழுதுவார்கள். அவர்தான் உடல்நீர் வற்றி முதலில் கவனிக்கப்பட வேண்டியவர் என்று வேறு சிலர் சண்டைக்கு வருவார்கள். அந்த வயிற்றுப்போக்கு குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமியால் என்றால் ஆல்கஹால் கரைசல் அதன் வித்துகளைக் கொல்லாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும், தண்ணீர் நிற்பதற்குள் அவரை முடித்தாக வேண்டும் என்று ஒருத்தி எழுந்து சொன்னபோது வகுப்பின் விவாதம் வேறு பக்கம் திரும்பியது. இதற்கு ஒரே சரியான விடை கிடையாது என்பதால் மதிப்பெண் போடுவது சிரமம். கோட்டைவிட அதற்கு எழுதிய காரணத்துக்கே அதிகம் போடுகிறேன்.

இந்த வரைபட வினாக்களைப் பிற ஆசிரியர்கள் எடுத்துப் பயன்படுத்துவதில் எனக்கு மகிழ்ச்சியே. கட்டில்களின் எண்ணிக்கையையும் புட்டிகள் இருக்கும் இடத்தையும் உங்கள் வார்டில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் நிற்கும் நேரத்தை மட்டும் வார்டு சிஸ்டரிடம் கேட்டு எழுதுங்கள்.