ரேஞ்சுல மட்டும் உஸ்தாத் கத்த மாட்டாரு

மிலிட்டரி ட்ரெய்னிங்னாலே ஒருத்தர் மீசைய முறுக்கிட்டு கத்திட்டே இருப்பாரு, பசங்க நடுங்கிட்டே ஓடுவாங்கன்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. கத்துவாங்க, இல்லன்னு சொல்லல. நான் வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர்ல ட்ரெய்னிங் எடுத்தவன், குன்னூர் பக்கத்துல சுமார் 6000 அடி உயரம், விடியக்காலை குளிர்ல ஃபால்-இன் ஆகி வரிசைல நிக்கும்போது உஸ்தாத் குரல் கேட்டாலே தூக்கம் பறந்துரும். (உஸ்தாத்னா பட்டாலியன்ல சர்வீஸ் போட்டுட்டு ரெக்ரூட்டுகளுக்கு கத்துக்கொடுக்க வர்ற நாயக், ஹவில்தார் ரேங்க் ஆளுங்க.)

ட்ரில்லுல கத்தித்தான் ஆகணும். மொத்த பிளட்டூனும் ஒரே நேரத்துல கால வைக்கணும், சாவ்தான் (அட்டென்ஷன்) சொன்னா கடைசி வரிசைல நிக்கிறவனுக்கும் கேக்கணும், அங்க யோசிச்சிட்டு நின்னா வேலைக்கு ஆகாது.

அதே மனுஷன் துப்பாக்கி சுட்டுப் பழகுற ரேஞ்சுக்கு வந்தா ஆளே மாறிடுவாரு. பக்கத்துலயே தரைல படுத்துக்கிட்டு காதுகிட்ட, மூச்ச பாதி விடு, நிறுத்து, இப்ப மெதுவா ட்ரிக்கர அமுக்கு, அவசரம் இல்லடான்னு சொல்லுவாரு. காரணம் இருக்கு. பயந்தவன் ட்ரிக்கர வெடுக்குனு இழுப்பான், சத்தம் வர்றதுக்கு முன்னாடியே கண்ண மூடுவான், தோள்பட்டை தானா துள்ளும், குண்டு எங்கயாவது போகும். கத்தி கத்தி ஒருத்தன நல்ல ஃபயரர் ஆக்கவே முடியாது. குண்ட கைல குடுக்கறதுக்கு முன்னாடியே காலி ரைஃபிள் பேரல் மேல காசு வச்சு, அது விழாம ட்ரிக்கர் அமுக்க சொல்லுவாங்க, கேக்க விளையாட்டு மாதிரி இருக்கும், செஞ்சு பாத்தாதான் கை எவ்ளோ ஆடுதுன்னு தெரியும்.

டார்கெட்ட பாத்து உஸ்தாத் பேசுறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. குண்டெல்லாம் நடுவ விட்டு தள்ளி இருந்தாலும் ஒரே இடத்துல கூட்டமா விழுந்திருந்தா திட்ட மாட்டாரு, நீ சரியாத்தான் அடிக்கிற, குறி பாக்குற சைட்ட திருத்தணும்னு சொல்லுவாரு. மேலயும் கீழயுமா வரிசையா விழுந்திருந்தா, சுடும்போது மூச்சு விட்டுட்டு இருக்கியாடான்னு கேப்பாரு. நடுவுல ஒண்ணு விழுந்து மத்ததெல்லாம் செதறி இருந்தா, அந்த நடு குண்ட அவரு திரும்பிக்கூட பாக்க மாட்டாரு, அது குருட்டு அதிர்ஷ்டம். மார்க்க மட்டும் பாக்குற வாத்தியாருங்க இத கத்துக்கணும்.

ஒவ்வொரு கிளாஸ் முடிஞ்சதும் "கோயி ஷக்?"னு கேப்பாங்க, சந்தேகம் இருக்கான்னு. யாரு கைய தூக்குவா? எல்லாம் "நோ சார்"தான், பாதி பேருக்கு ஹிந்தியே அரைகுறை. விவரமான உஸ்தாத் அதோட விட மாட்டாரு, கடைசில ஒளிஞ்சிருக்கவன கூப்பிட்டு, வெப்பன கழட்டி மாட்டி எங்களுக்கு சொல்லிக்குடுன்னு விட்டுருவாரு, அங்க தெரிஞ்சிரும் யாருக்கு புரிஞ்சுது யாருக்கு புரியலன்னு. முடியாதவன் யாரு, முடிஞ்சும் ஏமாத்துறவன் யாருன்னு பிரிச்சு பாக்கத் தெரியணும், ரெண்டு பேருக்கும் ஒரே ரகடா, அதான் உடம்ப வாட்டுற தண்டனை, குடுக்குறவங்களும் உண்டு, அவங்ககிட்ட நல்லா இருந்த பையனும் மழுங்கிப் போறத பாத்திருக்கேன். ரோப் ஏறுறப்ப பாதில தொங்குறவனுக்கு முக்கால்வாசி கைல பலம் இருக்கும், கால்ல கயிற பின்னி லாக் போடத்தான் தெரியாது, அத கீழ நின்னு திட்டி எப்படி சரி பண்றது? பூட்ஸோட தானே ஏறி காமிக்கிற உஸ்தாத் கிட்ட ஒரே நாள்ல பிடிச்சுக்குவான்.

இப்ப ஆர்மிக்கு ஆள் எடுக்குற அக்னிவீர் ரேலிக்கு ஊர் ஊரா கோச்சிங் நடக்குது, நான் பாத்த சில கிரவுண்டுல கோச் விசில் ஊதி "ஓட்றா ஓட்றா"ங்கறத தவிர வேற எதுவும் சொல்றதில்ல. 1.6 கிலோமீட்டர 5 நிமிஷம் 30 செகண்டுக்குள்ள முடிச்சா 60 மார்க். 400 மீட்டர் ட்ராக்குல நாலு ரவுண்டு, ஒரு ரவுண்டுக்கு 82 செகண்ட். முதல் ரவுண்டுலயே உயிர குடுத்து ஓடுற பையன் மூணாவதுல படுத்துடுறான். ஒவ்வொரு ரவுண்டுக்கும் நேரத்த சத்தமா சொல்லி, வேகமா போறவன புடிச்சு நிறுத்துங்க அண்ணே, ஸ்டாப்வாட்ச் கைலதான இருக்கு.