பெண்டுலத்தின் நாளும் பூமியின் நாளும்

மேட்டுப்பாளையத்தில் சரியாக ஓடிய கடிகாரம் ஊட்டிக்குக் குடிவந்த பிறகு வாரத்துக்கு ஒன்றரை நிமிடம் பின்தங்குகிறது என்று ஓர் அம்மா போன வாரம் என் கடைக்குக் கொண்டுவந்தார். சாவி கொடுக்கும் பழைய சுவர்க் கடிகாரம், அவருடைய அப்பா காலத்தது. திறந்து பார்த்தேன். பல்சக்கரங்களில் தேய்மானம் இல்லை, எண்ணெயும் காயவில்லை. "கடிகாரத்துல ஒரு குறையும் இல்லம்மா. மலை ஏறி வந்திருக்கு, அவ்வளவுதான்" என்றேன்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்தைவிட ஏறக்குறைய 1,900 மீட்டர் மேலே இருக்கிறோம். இங்கே ஈர்ப்பு பத்தாயிரத்தில் நான்கு பங்கு அளவுக்குக் குறைவு. பெண்டுலம் மெதுவாக ஆட அது போதும். இந்தக் கடிகாரத்தில் பெண்டுலத்தின் தண்டு மரம், குளிரில் அவ்வளவாகச் சுருங்காது. இரும்பாக இருந்திருந்தால் ஊட்டிக் குளிரில் சுருங்கி, பின்தங்கலில் ஏறக்குறைய பாதியை ஈடுகட்டியிருக்கும்; தண்டு குட்டையானால் பெண்டுலம் வேகமாக ஆடும்.

கூட வந்த பேரன், பத்தாவது படிக்கிறவன், கேட்டான்: "அப்போ ஈர்ப்பு விசை பாதியாயிட்டா ஒரு நாளும் நீளமாயிடுமா அங்கிள்?"

கடிகாரத்தின் நாள் நீளும் தம்பி, என்றேன். ஈர்ப்பு பாதியானால் இந்தப் பெண்டுலம் 24 மணி நேரத்தை எண்ணி முடிக்க 34 மணி நேரம் ஆகும். அவன் கையில் கட்டியிருந்த குவார்ட்ஸ் வாட்ச் மாறாது. அதன் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்வதற்கும் ஈர்ப்புக்கும் சம்பந்தம் இல்லை. சரி, பூமி எந்த ரகம்?

பூமியைச் சுழற்றிக்கொண்டிருப்பது ஈர்ப்பு அல்ல. பம்பரம் தரையில் இறங்கிய பிறகு சாட்டைக்கு அதில் வேலை இல்லை, அப்படித்தான். ஆனால் பூமி தன் எடையாலேயே அமுங்கிக் கிடக்கிற உருண்டை. ஈர்ப்பு தளர்ந்தால் அது உப்பும், உப்பினால் சுழற்சி மெதுவாகும். ஆரம் நூற்றில் ஒரு பங்கு கூடினாலே நாள் 29 நிமிடம் நீண்டுவிடும். இதுவரைக்கும் அவனிடம் சொல்லிவிட்டேன்.

நிலாவைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ராத்திரி வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. இன்றைக்கும் நம் நாளை நீட்டிக்கொண்டிருப்பது நிலாதான். அது கடலை இழுத்து ஓதம், அதாவது கடல்மட்ட ஏற்ற இறக்கம், எழுப்புகிறது. அந்த உராய்வில் பூமியின் சுழற்சி தளர்ந்து, நூறு ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிவிநாடி நாள் நீள்கிறது. அதற்கு ஈடாக நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப்போகிறது. அப்பல்லோ வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் அடித்து அளந்த கணக்கு இது.

ஈர்ப்பு ஒரே நொடியில் பாதியானால், நிலா இப்போது ஓடுகிற வேகமே நம்மை விட்டுப் போகப் போதுமானது. சரியாகப் பாதிதான் அதற்கு எல்லை. பூமியும் அதேபோல் சூரியனை விட்டுப் போய்விடும். நாள் மட்டும் கொஞ்சம் நீண்டு நம்மிடம் இருக்கும். மாதமும் ஆண்டும் போய்விடும். இதை நினைத்ததும் சேரிங்கிராஸ் பக்கம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். முப்பது வருஷமாக மணிகளையும் நிமிடங்களையும் சரிசெய்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பையனை இங்கே ஊட்டி பக்கத்தில் முத்தோரையில் இருக்கிற ரேடியோ டெலஸ்கோப்பையும் பார்க்கச் சொல்ல வேண்டும். 530 மீட்டர் நீளம், 1970-ல் முடித்தது. மலைச்சரிவு நம் அட்சரேகைக்கு ஒத்த சாய்வில் அமைந்ததால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது. அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே போனால் வானத்தில் ஒரு புள்ளியை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். ரேடியோ அலைகளை அனுப்புகிற தொலைதூர வான்பொருள்களை நிலா மறைக்கிற நொடியைப் பிடிக்கத்தான் முதலில் அதைக் கட்டினார்கள்.

கடிகாரத்தின் குண்டுக்கு அடியில் உள்ள திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக மேலே ஏற்றினேன். இன்றோடு நான்கு நாள், போன் காட்டும் நேரத்தோடு ஒத்துப் போகிறது. சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பேரனையும் கூட்டிவரச் சொன்னேன்.