அழிக்க அழிக்கத் திரும்பி வரும் மால்வேரை வேரோடு எடுப்பது எப்படி?

ஆன்டிவைரஸ் ஒரு ஃபைலைப் பிடித்து குவாரன்டைனில், அதாவது தனிச்சிறையில், போட்டுவிட்டதாகச் சொல்கிறது. கணினியை ரீஸ்டார்ட் செய்ததும் அதே எச்சரிக்கை மறுபடி வந்து நிற்கிறது. ஸ்கேனர் மோசம் என்று வேறொன்றை நிறுவுகிறார்கள், அதற்கும் மேல் இன்னொன்று. பிரச்சினை அங்கே இல்லை. பிடிபட்ட ஃபைலை யாரோ ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அந்த ‘யாரோ’ விண்டோஸுக்குள் குறித்த நேரத்தில் தானாக ஓடும் டாஸ்க்காகவோ, பின்னணியில் ஓடும் சர்வீஸாகவோ, பிரவுசர் எக்ஸ்டென்ஷனாகவோ உட்கார்ந்திருக்கும். அதைத் தேடி எடுப்பதுதான் வேலை.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். திரையின் வலது கீழ் மூலையில் “உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது” என்று விளம்பரம் போல வந்துகொண்டே இருந்தால், அது பெரும்பாலும் மால்வேரே இல்லை. ஏதோ ஒரு தளத்தில் ‘அலவ்’ அழுத்தியதால் வரும் பிரவுசர் நோட்டிஃபிகேஷன். பிரவுசர் செட்டிங்ஸில் ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ போய் அந்தத் தளத்தை நீக்கினால் முடிந்தது.

உண்மையிலேயே தொற்று என்றால் விண்டோஸோடு கூடவே வரும் டெஃபண்டர் ஆன்டிவைரஸின் வைரஸ் டெஃபனிஷனை (வைரஸ்களின் அடையாளப் பட்டியலை) அப்டேட் செய்துவிட்டு வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். இன்று வீட்டுக் கணினிகளைத் தாக்கும் மால்வேரில் பெரிய பங்கு, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் திருடுபவை. இதில் குக்கீ இன்னும் ஆபத்து. ஏற்கெனவே லாகின் ஆன நிலையை அப்படியே தூக்கிக்கொண்டு போவதால் திருடனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஆகவே தொற்று இல்லாத மொபைலிலோ வேறு கணினியிலோ இருந்து முதலில் இமெயில் பாஸ்வேர்டை மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். அடுத்து வங்கி, பிறகு மற்றவை. பாதிக்கப்பட்ட கணினியிலேயே உட்கார்ந்து இதைச் செய்தால் புதுப் பாஸ்வேர்டும் அதே வழியில் போய்விடும்.

இனி சுத்தம். ஸ்கேன் ஓட்டும் முன் பலர் பார்க்காத ஓர் இடம் இருக்கிறது. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’, அதில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’, அடியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’, அதாவது ஸ்கேன் செய்யாமல் விட்டுவிட வேண்டியவற்றின் பட்டியல். அட்மின் அனுமதி கிடைத்த மால்வேர் பல நேரங்களில் முதலில் செய்வது, தான் இருக்கும் ஃபோல்டரை இந்தப் பட்டியலில் சேர்ப்பதுதான். சில சமயம் சி டிரைவ் முழுவதையுமே சேர்த்துவைத்திருக்கும். பிறகு எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் ‘எதுவும் இல்லை’ என்றுதான் வரும். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. ஆனால் நீக்கும் முன் அந்த ஃபோல்டர் பாதையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மால்வேர் தன் முகவரியைத் தானே கொடுத்திருக்கிறது, அதை வீணாக்க வேண்டாம். அதே பக்கத்தில், டெஃபண்டரின் செட்டிங்ஸை மால்வேர் மாற்றாமல் தடுக்கும் ‘டாம்பர் புரொடெக்‌ஷன்’ ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதன் பிறகு ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய் ‘மைக்ரோசாஃப்ட் டெஃபண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, சிஸ்டத்தின் அடியாழத்தில் ஒளிந்துகொள்ளும் ரூட்கிட் வகை மால்வேர் தன் ஃபைல்களை மறைத்துக்கொள்ளும், திறந்திருக்கும் ஃபைலை அழிக்கவும் விடாது. ஆஃப்லைன் ஸ்கேன் கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழும் முன்பே தேடுகிறது. சுமார் 15 நிமிடம் ஆகும். முடிவு ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’யில் இருக்கும்.

இதற்கும் மசியாததற்குத்தான் ஆட்டோரன்ஸ். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும், நிறுவத் தேவையில்லை. வேறு கணினியில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்து, அட்மினாகத் திறந்து, ‘வெரிஃபை கோட் சிக்னேச்சர்ஸ்’, ‘ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்’ இரண்டையும் டிக் செய்யுங்கள். விண்டோஸோடு சேர்ந்து தானாக எழுந்திருக்கும் அத்தனையும் ஒரே பட்டியலில் வரும். மஞ்சள் வரி என்றால் அந்த ஃபைல் இப்போது இல்லை. இளஞ்சிவப்பு என்றால் வெளியீட்டாளர் விவரமோ சரியான டிஜிட்டல் கையெழுத்தோ இல்லை. இளஞ்சிவப்பு எல்லாமே மால்வேர் அல்ல, சின்ன நிறுவனங்களின் நல்ல மென்பொருளும் அப்படி வரும்.

‘ஷெட்யூல்டு டாஸ்க்ஸ்’ டேபை மட்டும் மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைக்காமலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காரணம், கட்டளைகளை ஓட்டும் பவர்ஷெல், மைக்ரோசாஃப்டின் சொந்தக் கையெழுத்துள்ள புரோகிராம். அதை ஏவிவிடும் டாஸ்க் வடிகட்டியில் நழுவிவிடக்கூடும். சந்தேகத்துக்குரிய டாஸ்க் இப்படி இருக்கும்: பெயர் ஏதோ பிரவுசர் அப்டேட் போல சாதுவாக இருக்கும். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் அதைத் திறந்தால், எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் டிரிகரில், லாகின் ஆனதும் ஒருமுறை, பிறகு சில நிமிடங்களுக்கு ஒருமுறை என்று போட்டிருக்கும். ஆக்‌ஷனில் பவர்ஷெல், அதன் பின்னால் ஜன்னலை மறைக்கச் சொல்லும் ‘ஹிட்டன்’, அதற்கும் பின்னால் ‘என்கோடட் கமாண்ட்’ என்று ஆரம்பித்துத் தலையும் வாலும் புரியாத நீளமான எழுத்து வரிசை. நேர்மையான அப்டேட்டருக்கு இப்படி ஒளிந்து ஓட அவசியமே இல்லை. இன்னொரு வகை, ஆப்களின் தகவல்கள் இருக்கும் ‘ஆப்டேட்டா’வின் ‘ரோமிங்’ ஃபோல்டருக்குள் அர்த்தமில்லாத பெயரில் இருக்கும் ஸ்கிரிப்டை ஓட்டும். ஆப்டேட்டாவில் இருப்பது மட்டுமே குற்றமில்லை, நல்ல மென்பொருள் பலவும் அங்கேதான் நிறுவப்படுகின்றன. இடம், பெயர், கையெழுத்து மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

கண்டுபிடித்ததும் அவசரப்பட்டு டெலீட் செய்யாதீர்கள். டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். எடுத்த டிக் ஒரு நிமிடத்தில் தானாகத் திரும்பி வந்தால், ஒன்றையொன்று காவல் காக்கும் இரண்டு புரோசஸ்கள் ஓடுகின்றன என்று அர்த்தம். ஒன்றைக் கொன்றால் மற்றது உடனே எழுப்பிவிடும். அதே தொகுப்பிலுள்ள புரோசஸ் எக்ஸ்புளோரரில் முதலில் இரண்டையும் ‘சஸ்பெண்ட்’ செய்து உறைய வைத்துவிட்டு, பிறகு இரண்டையும் ‘கில்’ செய்ய வேண்டும். அதுவும் முடியாவிட்டால் சேஃப் மோட்: ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட், ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்’, பிறகு 4. டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் ரிகவரி கீ கேட்கலாம், முன்பே எடுத்து வைத்திருங்கள். ஆட்டோரன்ஸில் ‘டபிள்யூஎம்ஐ’ டேபையும் விடாதீர்கள், மால்வேர் ஒளிந்துகொள்ளும் இன்னோர் இடம் அது. வீட்டுக் கணினியில் அது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.

பிரவுசரில் எக்ஸ்டென்ஷனை நீக்கவே முடியவில்லை, ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று காட்டுகிறது என்றால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியின் ‘பாலிசீஸ்’ பகுதியில் குரோமுக்கென்று ஒரு கட்டாய உத்தரவு எழுதப்பட்டிருக்கிறது. லோக்கல் மெஷின், கரன்ட் யூசர் இரண்டின் கீழும் பார்த்து, பேக்கப் எடுத்துக்கொண்டு நீக்குங்கள். அலுவலகம் கொடுத்த கணினியில் இது இருப்பது இயல்பு, அங்கே கை வைக்க வேண்டாம். பிரவுசர் சிங்க்கையும் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் நீக்கிய எக்ஸ்டென்ஷன் கணக்கு வழியாகத் திரும்பி வந்துவிடும். வீட்டில் எல்லா மொபைலிலும் ஒரே கோளாறு என்றால் கணினியை விட்டுவிட்டு ரவுட்டரில், தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் செட்டிங்கைப் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதிலும் தெளிவு வேண்டும். ரூட்கிட் பிடிபட்டாலோ, தொலைவிலிருந்து கணினியை ஆட்டுவிக்கும் மால்வேர் அட்மின் உரிமையோடு ஓடியிருந்தாலோ, டெஃபண்டர் சர்வீஸே எழ மறுத்தாலோ, சுத்தம் செய்ததை நம்பி அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது என்பதே என் கருத்து. வேறு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென்டிரைவ் தயார் செய்து, விண்டோஸ் இருந்த டிஸ்கின் பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்துப் புதிதாக நிறுவுங்கள். முன்கூட்டியே எடுத்து வைப்பது புகைப்படங்களும் ஆவணங்களும் மட்டும். பழைய செட்டப் ஃபைல்கள், கிராக் செய்த மென்பொருள் அடங்கிய ஜிப்கள் எதுவும் கூடவே வரக் கூடாது. தொற்று நுழைந்ததே பல வீடுகளில் அந்தக் கிராக் வழியாகத்தான். இன்னொரு வாசல், ‘நீங்கள் மனிதர்தானா’ என்று சோதிப்பதாக நடித்து, விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தச் சொல்லி, எதையோ பேஸ்ட் செய்து என்டர் தட்டச் சொல்லும் பக்கங்கள். எந்த நேர்மையான தளமும் அப்படிக் கேட்காது.

சரி, இனி எந்த ஆன்டிவைரஸ்? விண்டோஸ் 11 வைத்திருக்கும் பெரும்பாலான வீடுகளுக்குக் கூடவே வரும் டெஃபண்டர் போதும். ஆனால் ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ உள்ளே போய், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் இரண்டு டிக்குகளும் விழுந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அன்றாட வேலைக்கு அட்மின் இல்லாத ஸ்டாண்டர்டு கணக்கு வைத்துக்கொள்வது நல்ல பலன் தரும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பேட்ச் வராத விண்டோஸின் ஓட்டையை ஆன்டிவைரஸால் அடைக்க முடியாது.

கட்டண மென்பொருள் வாங்கினால் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகளைப் பாருங்கள். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை மூன்றுக்கும் தலா 6 புள்ளி கொடுக்கிறது. பல தயாரிப்புகள் முழு 18-ஐத் தொடுவதால் அரைப்புள்ளி வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். நல்ல ஃபைலை வைரஸ் என்று எத்தனை முறை தவறாகப் பிடித்தது என்ற எண்ணிக்கைதான் அன்றாடம் உங்களை உறுத்தும். முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்க்காமல், தானாகப் புதுப்பிக்கும்போது எடுக்கும் விலையைப் பாருங்கள். இலவசம் என்றால் பிரைவசி பாலிசியைப் படித்துவிடுங்கள். பயனர்களின் பிரவுசிங் தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக அவாஸ்ட் மீது அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி நடவடிக்கை எடுத்து, 2024-இல் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது.

எதை எடுத்தாலும் எந்நேரமும் காவலிருக்கும் ஆன்டிவைரஸ் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் மறித்தால் கணினி ஊர்ந்து, சில சமயம் உறைந்தே போகும். இரண்டாவது கருத்துக்கு, கேட்கும்போது மட்டும் ஓடும் இசெட் ஆன்லைன் ஸ்கேனர் அல்லது மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் போதும். சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்குங்கள். பழைய ஆன்டிவைரஸை எடுக்கும்போது வெறும் அன்இன்ஸ்டாலோடு விடாமல், அந்த நிறுவனமே தரும் ரிமூவல் டூலையும் ஓட்டுங்கள். மிச்சமிருக்கும் டிரைவர்களால் டெஃபண்டர் தானாக ஆன் ஆகாமல் போவதுண்டு. ரீஸ்டார்ட் ஆனதும் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, ‘ரியல்-டைம் புரொடெக்‌ஷன்’ ஆன் என்று கண்ணால் பார்த்த பிறகு இணையத்தை இணையுங்கள்.